ஸெய்லானிகுஸ், ஸெய்லானிகா, ஸெய்லானிகும்: ஓர் இலத்தீன் பெயரடையின் வடிவங்களும் உச்சரிப்பும்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு அடுத்த கிழமை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எங்கட ஊரில் கறுவா வாங்கி, தரம் பிரித்து, சிறிய பெட்டிகளில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். கையில் ஒரு கட்டு லேபல் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, "சேர், 5,000 லேபல் அடிச்ச. எல்லாம் குப்பைக்கித்தான்" என்றார்.

லேபலில் பொருளின் பெயருக்குக் கீழே விஞ்ஞானப் பெயர் அச்சாகியிருந்தது: சின்னமோமும் ஸெய்லானிகா. வெளிநாட்டில் வாங்குகிறவர் அதைப் பார்த்துவிட்டு, இப்படியொரு தாவரம் இல்லையே, நீங்கள் அனுப்புவது உண்மையில் இலங்கைக் கறுவாதானா, அல்லது மலிவான கசியாவா என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஒரேயொரு விகுதி பிழைத்ததில் சரக்கின் மீதே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னைச் சுட்டது. "சேர், நான் படிக்கிற காலத்திலேயே இதக் கேட்ட. ஒரு எடத்தில 'உஸ்', ஒரு எடத்தில 'ஆ', இன்னொரு எடத்தில 'உம்' ஏன் வாரதுன்னு. நீங்க, 'இருக்கிறபடி பாடமாக்கு மகன்'னு சென்னீங்க."

உண்மைதான். 31 வருடங்கள் உயிரியலைத் தமிழ்மொழி மூலம் கற்பித்தேன். இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது என்பதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல வெட்கப்பட்டேன். தெரியாததை மறைக்க ஆசிரியர்கள் கையாளும் பழைய வழியையே நானும் கையாண்டேன். ஓய்வு பெற்ற பின்னர் இலத்தீன் இலக்கணத்தைக் கொஞ்சம் புரட்டியபோதுதான், ஒரு மாலை நேரத்தில் விளங்கக்கூடிய விடயம் இது என்று தெரிந்தது. அந்தப் பழைய கடனைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எழுத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. இலத்தீன் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். 'ஸெய்லானிகுஸ்' என்பதன் முதல் எழுத்தை, நாம் 'ஸகாத்' என்று எழுதிவிட்டு அரபியின் 'ஸாய்' எழுத்தாக வாசிக்கிறோமே, அப்படி வாசிக்க வேண்டும். அது ஆங்கில அரிச்சுவடியின் கடைசி எழுத்து.

சொல் வந்த வழி

ஸெய்லானிகுஸ் என்றால் 'இலங்கைக்குரிய', 'இலங்கையைச் சார்ந்த' என்று பொருள். ஆனால் பழைய உரோமர் இச்சொல்லை அறிந்திருக்கவில்லை. அவர்கள் எங்கள் தீவைத் தப்ரொபானே என்றார்கள். கிளாடியஸ் பேரரசன் காலத்தில் தப்ரொபானேயிலிருந்து தூதுவர்கள் உரோமுக்குச் சென்றதை, கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி எழுதி வைத்திருக்கிறார். அவருடைய நூலிலும் இந்தப் பெயரடை கிடையாது.

சிங்ஹல, சீஹள என்ற உள்நாட்டுப் பெயர்களின் வழியில் வந்தது 'ஸைலான்' என்ற வடிவம். அரபுக் கடலோடிகளும் பயணிகளும் அதை வழங்கினார்கள். 1344 இல் இங்கு வந்த இப்னு பதூதா தீவை ஸைலான் என்றும், நாம் பாவாத மலை என்று அழைக்கும் மலையை ஸரந்தீப் மலை என்றும் குறிப்பிடுகிறார். பின்னர் வந்த போர்த்துக்கேயர் தங்கள் எழுத்து வழக்கப்படி, 'ஸீ' எழுத்தில் தொடங்கி, ஸெய்லாவ் என்று எழுதினர். டச்சுக்காரர் அதே ஓசையை ஸாய் போன்ற எழுத்தில் தொடங்கி ஸெய்லான் என்று எழுதினர். அக்காலத்து ஐரோப்பிய அறிஞர்கள் நூல் எழுதியது இலத்தீனில். எனவே டச்சு வடிவத்தோடு 'இகுஸ்' என்ற விகுதியைச் சேர்த்துக் கொண்டார்கள். ஸெய்லானிகுஸ் பிறந்தது.

அரபு தெரிந்தவர்கள் இந்த விகுதியை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஸைலானிலிருந்து 'ஸைலானீ' என்றும், பெண்பாலில் 'ஸைலானிய்யா' என்றும் சொல் ஆக்குகிறோமே, அந்த நிஸ்பா விகுதி செய்யும் வேலையைத்தான் இலத்தீனில் 'இகுஸ்' செய்கிறது. இரண்டு மொழிகளும் உறவு மொழிகள் அல்ல. வேலை மட்டுமே ஒன்று.

மூன்று நூல்கள், மூன்று வடிவங்கள்

இப்பெயரடையின் மூன்று வடிவங்களையும் ஒரே பார்வையில் காண விரும்பினால், இலங்கைத் தாவரங்களைப் பற்றிய மூன்று பழைய நூல்களின் தலைப்புகளே போதும்.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராக 1672 முதல் 1677 வரை இங்கிருந்தவர் பவுல் ஹெர்மன். அவர் சேகரித்த தாவரங்களின் பட்டியல் அவர் இறந்த பின்னர் 1717 இல் வெளிவந்தது. அதன் பெயர் முஸேயும் ஸெய்லானிகும். 1737 இல் அம்ஸ்டர்டாமில் ஜொஹான்னஸ் பர்மன் வெளியிட்ட நூல் தெஸௌருஸ் ஸெய்லானிகுஸ். ஹெர்மனின் உலர்தாவரத் தொகுப்பு பின்னர் கார்ல் லின்னேயஸின் கைக்குப் போனது. இலங்கையை ஒருநாளும் கண்டிராத அவர், அதை வைத்து 1747 இல் எழுதிய நூல் ஃப்ளோரா ஸெய்லானிகா. ஹெர்மனின் அந்தத் தொகுப்பு இப்போது இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது.

நாடு ஒன்று, பெயரடையும் ஒன்று. ஆனால் விகுதி மூன்று. காரணம் இதுதான். இலத்தீனில் பெயரடை தான் சார்ந்த பெயர்ச்சொல்லின் பாலுக்கு இணங்க வேண்டும். புதையல், களஞ்சியம் எனப் பொருள்படும் தெஸௌருஸ் ஆண்பால், எனவே ஸெய்லானிகுஸ். ஃப்ளோரா பெண்பால்; எனவே ஸெய்லானிகா. முஸேயும் என்பது இரண்டுமற்ற மூன்றாம் பால், எனவே ஸெய்லானிகும்.

தாவரப் பெயர்களிலும் இதே கதைதான். விஞ்ஞானப் பெயரின் முதற்சொல் சாதியைக் குறிக்கும், அது பெயர்ச்சொல். இரண்டாம் சொல் இனத்தைக் குறிக்கும்; அது பெரும்பாலும் பெயரடை. எங்கள் ஈரவலயக் காடுகளில் ஓங்கி வளர்வதும், சிங்களத்தில் 'ஹொர' எனப்படுவதுமான மரம் திப்தெரோகார்புஸ் ஸெய்லானிகுஸ். மருந்துச் செடியான கொடிவேலி ப்ளும்பாகோ ஸெய்லானிகா. கறுவா சின்னமோமும் ஸெய்லானிகும். மாணவர் கேட்ட உஸ், ஆ, உம் மூன்றும் இந்த வரிசையில் வந்துவிட்டன. லேபலில் நடந்த பிழை என்னவென்றால், கொடிவேலிக்குரிய விகுதியைக் கறுவாவுக்குப் போட்டதுதான்.

அரபு ஓதியவருக்கு இது புதிதல்ல

தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இது வினோதமாகப் படலாம். நல்ல பையன், நல்ல பிள்ளை, நல்ல மரம் என்று எங்கும் 'நல்ல' மாறாமல் நிற்கிறது. நல்லவன், நல்லவள், நல்லது என்று சொல்லும்போதுதான் பால் வெளிப்படுகிறது. ஆனால் எங்கட பிள்ளைகள் சிறு வயதிலேயே மக்கா அல்-முகர்ரமா, மதீனா அல்-முனவ்வரா என்று சொல்லப் பழகியிருக்கிறார்கள். அதே பிள்ளைகள் அல்-குர்ஆன் அல்-கரீம் என்கிறார்கள், 'கரீமா' என்பதில்லை. மக்காவும் மதீனாவும் பெண்பால், குர்ஆன் ஆண்பால் என்பதால் வந்த வேறுபாடு இது. பேருவளையில் உள்ள கலாநிலையத்தின் பெயர் ஏன் 'நளீமீ' என்றில்லாமல் நளீமிய்யா என்று முடிகிறது? 'ஜாமிஆ' என்ற சொல் பெண்பால் என்பதால்தான். நாம் அறியாமலேயே பெயரடை இணக்கத்தை நாவில் வைத்திருக்கிறோம். வகுப்பில் இந்த ஒரு உதாரணத்தைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கும்.

இரண்டு வேறுபாடுகளை மட்டும் மனதில் வைக்க வேண்டும். அரபியில் பால் இரண்டு, இலத்தீனில் மூன்று. அடுத்தது, மூன்றாம் பாலைத் தமிழின் அஃறிணையாக நினைத்துவிடக் கூடாது. தமிழில் பால் பொருளைப் பார்த்து வருகிறது. இலத்தீனில் அது சொல்லுக்கு மரபாக அமைந்த ஒரு குணம். மரம் பெண்பாலாகலாம், புத்தகம் ஆண்பாலாகலாம்.

ஓசை ஒத்தால் போதுமா?

இந்த இடத்தில் ஒரு குறுக்கு வழி தோன்றும். முதற்சொல் 'உம்' என்று முடிந்தால் இரண்டாவதும் 'உம்', முதற்சொல் 'உஸ்' என்றால் இரண்டாவதும் 'உஸ்' என்று எதுகை போலப் போட்டுவிடலாமே! பல இடங்களில் அது சரிவரும். சில இடங்களில் விழுத்திவிடும்.

அரச மரம் ஃபீகுஸ் ரெலிகியோஸா. முதற்சொல் 'உஸ்' என்று முடிகிறது; ஆனாலும் பெயரடை பெண்பால். மலைநாட்டில் நட்டிருக்கும் பைன் மரம் பீனுஸ் கரிபேயா. அதுவும் அப்படியே. பழைய இலத்தீனில் மரங்களின் பெயர்கள் பெரும்பாலும் பெண்பாலாகக் கொள்ளப்பட்டன; விகுதி எதுவானாலும் சரி. பேரீச்ச மரம் ஃபோய்னிக்ஸ் டக்திலிஃபெரா. அங்கும் முதற்சொல்லில் 'ஆ' இல்லை, பெயரடையில் இருக்கிறது. மறுபுறத்தில், சிங்களத்தில் 'கிரிஅல' எனப்படும் கிழங்கு க்ஸந்தோஸோமா ஸகித்திஃபோலியும். 'மா' என்று முடியும் அந்தக் கிரேக்கச் சொல் மூன்றாம் பால்.

இதற்கும் அரபியிலேயே ஒப்புமை உண்டு. 'கலீபா' என்ற சொல் பெண்பாலுக்குரிய 'தா மர்பூதா'வில் முடிகிறது, ஆனால் ஆண்பால். முதலாவது கலீபாவை அல்-கலீபா அல்-அவ்வல் என்கிறோம். சூரியனைக் குறிக்கும் 'ஷம்ஸ்' எந்த அடையாளமும் இல்லாமலே பெண்பால். ஆகவே இணங்க வேண்டியது பாலுக்கேயன்றி ஓசைக்கு அல்ல.

இன்னொரு பொறி, இரண்டாம் சொல் பெயரடையாக இல்லாமல் பெயர்ச்சொல்லாகவே வருவது. மிளகு பீபெர் நிக்ரும். வெற்றிலை பீபெர் பெத்லே. இரண்டும் ஒரே சாதி, மூன்றாம் பால். கறுப்பு என்று பொருள்படும் நிகெர் ஒரு பெயரடை. ஆண்பாலில் நிகெர், பெண்பாலில் நிக்ரா, மூன்றாம் பாலில் நிக்ரும். ஆகவே ஒரு பூஞ்சணம் அஸ்பெர்கில்லுஸ் நிகெர். கருங்கடுகு ப்ராஸ்ஸிகா நிக்ரா. மிளகு பீபெர் நிக்ரும். ஆனால் 'பெத்லே' என்பது வெற்றிலை என்ற எங்கள் பக்கத்துச் சொல்லே பெயர்ச்சொல்லாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கு விகுதி மாற்றம் கிடையாது.

வீடு மாறிய பறவை

விதி எவ்வளவு தூரம் கண்டிப்பானது என்பதைக் காட்ட ஒரு பறவையின் கதை இருக்கிறது. பலா, ஆல் போன்ற மரங்களில் இருந்துகொண்டு காலையெல்லாம் குரல் கொடுக்கும் பழுப்புத் தலைக் குக்குறுவானைப் பலரும் கண்டிருப்பீர்கள். சிங்கள அயலவர் கொட்டோருவா என்பார்கள். 1788 இல் க்மெலின் என்பவர் அதற்கு புக்கோ ஸெய்லானிகுஸ் என்று பெயரிட்டார். புக்கோ ஆண்பால். பின்னர் அப்பறவையை மெகலைமா என்ற சாதிக்கு மாற்றினார்கள். அது பெண்பால் என்பதால் பெயர் மெகலைமா ஸெய்லானிகா ஆனது. நான் படிப்பித்த காலத்தில் இருந்த பெயர் அதுதான். அண்மைக் காலத்தில் மீண்டும் சாதி மாறி, ப்ஸிலோபோகோன் என்ற பகுதிக்குப் போனது. தாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'போகோன்' ஆண்பால். எனவே இன்று அது ப்ஸிலோபோகோன் ஸெய்லானிகுஸ். பறவை மாறவில்லை, நாடும் மாறவில்லை. வீடு மாறும்போதெல்லாம் விகுதி மாறுகிறது. தாவரப் பெயரீட்டு விதிக்கோவையும் விலங்குப் பெயரீட்டு விதிக்கோவையும் இந்த இணக்கத்தை வேண்டி நிற்கின்றன.

பழைய புத்தகத்தில் ஒரு விகுதியும் புதிய புத்தகத்தில் இன்னொரு விகுதியும் இருந்தால், ஏதோ ஒன்று அச்சுப் பிழை என்று முடிவெடுக்க முன்னர் சாதிப் பெயரைப் பார்க்க வேண்டும் என்பதை இப்பறவை கற்பிக்கிறது.

இன்னொரு குடும்பம்: 'என்ஸிஸ்'

இலங்கைக்குரிய என்பதை வேறு விதமாகவும் சொல்லலாம். இடப்பெயரோடு 'என்ஸிஸ்' சேர்ப்பது அந்த வழி. பழுப்பு மீன் ஆந்தையின் பெயர் கெதுபா ஸெய்லோனென்ஸிஸ். எங்கள் மலைநாட்டில் மட்டும் வாழும் வெள்ளைக்கண்ணிக் குருவி ஸோஸ்தெரோப்ஸ் ஸெய்லோனென்ஸிஸ். ஆந்தையின் பெயர் ஸாய் ஓசை எழுத்தில் தொடங்குகிறது. குருவியின் பெயர் 'ஸீ' எழுத்தில் தொடங்குகிறது. தமிழில் எழுதும்போது வேறுபாடு மறைந்துவிடுகிறது. முதலில் பெயரிட்டவர் எந்த எழுத்தில் எழுதினாரோ அதையே பின்பற்ற வேண்டும். எங்கள் விருப்பத்துக்கு ஒன்றாக்க முடியாது.

இந்தக் குடும்பத்தில் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே வடிவம். மூன்றாம் பாலில் மட்டும் 'என்ஸே' ஆகும். ஆலமரம் ஃபீகுஸ் பெங்காலென்ஸிஸ். ஒரு பருத்தி இனம் கொஸ்ஸீபியும் பார்பாதென்ஸே. இதனால் மீன் ஆந்தை ஸ்திரிக்ஸ், கெதுபா, புபோ என்று சாதி மாறிய போதெல்லாம் அதன் இரண்டாம் பெயர் அசையாமலே இருந்தது. குக்குறுவானுக்குக் கிடைக்காத நிம்மதி!

வேற்றுமையில் என்ன நடக்கும்?

விஞ்ஞானப் பெயர்களில் நாம் காண்பது எழுவாய் வடிவம் மட்டுமே. இலத்தீனில் பெயரடை வேற்றுமைக்கும் எண்ணுக்கும் இணங்கும். ஆண்பால் ஒருமையில் ஸெய்லானிகுஸ் என்பது, 'உடைய' என்ற பொருளில் ஸெய்லானிகி ஆகும். 'க்கு' என்ற பொருளில் ஸெய்லானிகோ. 'ஐ' என்ற பொருளில் ஸெய்லானிகும். பெண்பாலில் இவை முறையே ஸெய்லானிகா, ஸெய்லானிகே, ஸெய்லானிகே, ஸெய்லானிகம். 'இலங்கைத் தாவரங்களின்' என்று பன்மையில் சொல்ல, ப்ளந்தாரும் ஸெய்லானிகாரும்.

இங்கே ஒரு நுட்பம். பேராதனைப் பூங்காவின் பொறுப்பிலிருந்த த்வெயிட்ஸ் 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெருநூலின் பெயர் எனுமெராதியோ ப்ளந்தாரும் ஸெய்லானியே. கடைசிச் சொல் பெயரடை அன்று. ஸெய்லானியா என்ற நாட்டுப் பெயரின் ஆறாம் வேற்றுமை. 'இலங்கையின்' என்று பொருள். பெயரடையானால் தாவரங்களோடு இணங்கி ஸெய்லானிகாரும் என்று வந்திருக்கும். இணங்கவில்லை என்பதே அது பெயர்ச்சொல் என்பதற்கு அத்தாட்சி.

உச்சரிப்பு

மாணவர்கள் என்னிடம் அதிகம் பயந்தது எழுத்துக்கு அல்ல, வாசிப்புக்கு. நாலு பேர் முன்னால் வாசிக்கச் சொன்னால், ஆங்கிலம் நன்றாகப் பேசும் பிள்ளை ஒரு விதமாகவும் கிராமத்துப் பிள்ளை இன்னொரு விதமாகவும் வாசிக்கும். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கப்பட்ட பிள்ளை அதற்குப் பிறகு வாய் திறக்காது. அன்று நானும் ஆங்கில முறையையே சரி என்று நினைத்திருந்தேன்.

உண்மையில் இலத்தீனை வாசிக்கும் மரபுகள் பல. பழைய உரோமரின் ஓசையை ஆராய்ந்து அமைத்த முறை ஒன்று. இத்தாலியத் திருச்சபை முறை ஒன்று. ஆங்கிலேயர், ஜேர்மனியர் தத்தம் மொழிக்கேற்ப வாசிக்கும் முறைகள் வேறு. 'ஸீ' எழுத்தை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் அது எப்போதும் 'க'. இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் வந்தால் ஆங்கிலேயர் 'ஸ' என்பர், திருச்சபையார் 'ச்ச' என்பர், ஜேர்மனியர் 'ட்ஸ' என்பர். ஆகவே கறுவாவின் சாதிப் பெயர் ஒருவர் வாயில் கின்னமோமும், இன்னொருவர் வாயில் சின்னமோமும், மற்றவர் வாயில் ஸின்னமோமம். ஆனால் ஸெய்லானிகுஸ், ஸெய்லானிகா, ஸெய்லானிகும் மூன்றிலும் அந்த எழுத்து உ, ஆ என்ற உயிர்களுக்கு முன்னால் வருவதால் எல்லா மரபிலும் 'க' தான். ஸெய்லானிகி என்று ஆறாம் வேற்றுமைக்குப் போனால் மட்டும் திருச்சபையார் 'சி' என்றும், ஆங்கிலேயர் 'ஸை' என்றும் வாசிப்பர்.

முதலெழுத்தை ஜேர்மனியர் 'ட்ஸ' என்பர், இத்தாலியர் 'த்ஸ' போலச் சொல்வர், ஆங்கிலேயர் ஸாய் போலச் சொல்வர். 'ஸீ' எழுத்தில் தொடங்கும் வடிவத்தைப் பழைய உரோம விதிப்படி வாசித்தால் 'கெய்லானிகுஸ்' என்று வரும்! அந்தச் சொல்லை உரோமர் பேசியதே இல்லை. அதில் இருக்கும் 'ஸீ' போர்த்துக்கேயர் 'ஸ' ஓசைக்காகப் போட்டது. எனவே அங்கே 'க' என்று வாசிப்பது விதிக்குச் சரி, சொல்லின் வரலாற்றுக்குப் பொருந்தாது.

'உஸ்', 'உம்' என்பனவற்றை ஆங்கிலேயர் 'அஸ்', 'அம்' என்று மெலிப்பார்கள். தமிழில் ஸெய்லானிக்கம் என்று எழுதும் வழக்கம் அங்கிருந்து வந்தது. பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனால் 'உம்' என்று வாசித்தால் மூன்றாம் பால் காதில் தெளிவாக விழும், எழுதும்போதும் பிழைக்காது.

மரபுகள் பலவானாலும் அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பதில் அவை பொதுவாக ஒன்றுபடுகின்றன. தமிழ் யாப்பு படித்தவருக்கு இது இலகு. சொல்லின் கடைசிக்கு முந்திய அசையைப் பாருங்கள். அது நெடிலாக இருந்தால், அல்லது குறில் ஒற்றடுத்து வந்தால், அழுத்தம் அதன் மேல். குறில் தனித்து நின்றால், அழுத்தம் அதற்கும் முந்திய அசைக்குப் போகும்.

ஸெய்-லா-நி-குஸ் என்பதில் கடைசிக்கு முந்திய அசை 'நி'. தனிக் குறில். ஆகவே அழுத்தம் 'லா' மேல். பலரும் 'ஸெய்லனீகா' என்று 'நீ'யை நீட்டுவது இதனால்தான் பொருந்தாது. ஸெய்-லோ-நென்-ஸிஸ் என்பதில் 'நென்' ஒற்றடுத்த குறில், அழுத்தம் அங்கேயே. சின்-ன-மோ-மும் என்பதில் 'மோ' நெடில். அழுத்தம் அதன் மேல். டக்-தி-லி-ஃபெ-ரா என்பதில் 'ஃபெ' குறில். அழுத்தம் 'லி'க்குப் போகிறது. ஓதலில் எங்கே நீட்டுவது, எங்கே நீட்டக்கூடாது என்று கவனித்துப் பழகிய நாவுக்கு இது பெரிய பாடமல்ல.

லேபலுக்கு என்ன எழுதுவது?

இனி மாணவரின் லேபலுக்கு வருவோம். கறுவாவுக்கு 1753 இல் லின்னேயஸ் இட்ட பெயர் லௌருஸ் சின்னமோமும். பின்னர் அதைத் தனிச் சாதியாக்கியபோது சின்னமோமும் சின்னமோமும் என்று இரட்டிக்கத் தாவரவியல் விதி இடம் தரவில்லை. 1825 இல் பிரெஸ்ல் என்பவர் சின்னமோமும் வேரும் என்று பெயரிட்டார். 1826 இல் ப்ளூமே இட்ட பெயர் சின்னமோமும் ஸெய்லானிகும். முந்திய பெயருக்கே முதலிடம் என்பதால் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது வேரும். வணிகத்தில் ஸெய்லானிகும் என்பதும் வழங்குகிறது. வேரும் என்றால் 'உண்மையான'. அதுவும் பெயரடையே: வேருஸ், வேரா, வேரும். கறுவாவுக்கு முன்னால் எந்தப் பெயரடை வந்தாலும் 'உம்' தான்.

கசியாவிலிருந்து எங்கள் கறுவாவைப் பிரித்துக் காட்டுவது வெறும் பெருமைக்காக அல்ல. கசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம்; அதை அளவுக்கு மீறி உட்கொள்வது ஈரலுக்கு நல்லதல்ல என்பதால் ஐரோப்பியர் கவனிக்கிறார்கள். 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவைப் புவிசார் குறியீடாகப் பதிவு செய்தது. அப்படிப்பட்ட பொருளின் பெட்டியில், எங்கள் நாட்டின் பெயரையே பிழையாக அச்சிட்டு அனுப்பினால், வாங்குகிறவர் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

மாணவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: முதற்சொல்லின் முதலெழுத்து பெரிய எழுத்து, இரண்டாம் சொல் முழுதும் சிறிய எழுத்து, நாட்டுப் பெயரிலிருந்து வந்தாலும் அப்படித்தான், இரண்டும் சாய்வெழுத்தில், முடிவு 'உம்', 'உம்'. அவர் வாசித்துப் பார்த்தார். 'லா'வில் அழுத்தம் சரியாக விழுந்தது.

"சேர், இவ்வளவுதானா? இதுக்கா 5,000 லேபல் போன?" என்றார்.

"லேபல் போனது ஒண்ட அவசரத்தால மட்டுமில்ல மகன்" என்றேன். "அண்டைக்கி எனக்குத் தெரியாதுன்னு சென்னா, ரெண்டு பேரும் சேந்து தேடியிருப்போம்."

அவர் ஒன்றும் பேசாமல் தேநீரைக் குடித்தார். போகும்போது பழைய லேபல் கட்டை எடுக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் அதை வைத்துக்கொண்டேன். இக்கட்டுரைக்கான குறிப்புகளை அதில்தான் எழுதினேன்.

பாடசாலைத் தோட்டங்களிலும் மூலிகைத் தோட்டங்களிலும் பெயர்ப்பலகை வைத்திருப்பவர்கள் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஸெய்லானிகா என்று எழுதிய இடங்களில் சாதிப் பெயரின் பாலைப் பாருங்கள். ஏன் இப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால், பாடமாக்கச் சொல்லாதீர்கள். மக்கா அல்-முகர்ரமாவிலிருந்து தொடங்குங்கள்.